அனுப்பாமல் வைத்திருந்த மனு

சாட்சி சொல்ல வந்தவர்கள் தங்கள் முறை வரும்வரை உள்ளே உட்காரக் கூடாது. ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இன்னொருவர் அதற்குத் தகுந்த மாதிரி பேசிவிடக் கூடாதாம். அதனால் வெர்டியா காலையிலிருந்து ஹேட்லி கவுண்டி கோர்ட்டின் மாடி வராந்தாவில், குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் லான்ஸெல் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான். இயந்திரம் போட்ட இரைச்சலில் அவன் குரல் ஒரு முனகலாகக்கூட வெளியே வரவில்லை.

அவன் என்ன சொல்கிறான் என்று தெரிந்தால் தான் என்ன சொல்வது என்று தெரிந்துவிடும். அது தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அவளை வெளியே உட்கார வைத்திருந்தார்கள்.

வக்கீல் ப்ரின் சின்னப் பெண். சட்டக் கல்லூரியின் இலவச உதவி மையத்திலிருந்து வந்தவள். காலையில் கார் நிறுத்துமிடத்திலேயே வெர்டியாவிடம் எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். விளக்க விளக்க வெர்டியாவுக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

"இன்னிக்கு அவர் அந்தக் கடையக் கொள்ளையடிச்சாரா இல்லையாங்கற பேச்சே வராது, மிஸ் வெர்டியா."

"பின்ன எதுக்கு இவ்ளோ தூரம் வந்திருக்கோம்?"

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு ஏன் வந்தீங்கங்கறதுதான் இன்னிக்குப் பேச்சு. தண்டனை குடுத்தது தப்புன்னு நாம ரிட் மனு போட்டிருக்கோம். இவ்ளோ நாள் சும்மா இருந்துட்டு வந்ததால அந்த ரிட்ட விசாரிக்கவே கூடாதுன்னு அரசு வக்கீல் சொல்றாரு."

"விசாரிச்சாத்தானே உண்மையா பொய்யான்னு தெரியும்?"

"தெரியும். ஆனா விசாரிக்கலாமா வேணாமான்னு மொதல்ல விசாரிக்கணும்."

வெர்டியா காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "சரிம்மா. நான் என்ன சொல்லணும்?"

"உண்மைய. கேட்டதுக்கு மட்டும்."

"எந்த உண்மைய?"

ப்ரின், "அத நான் சொல்லித் தரக் கூடாது" என்றாள். அவள் கண்ணில் மட்டும் ஒரு கெஞ்சல் இருந்தது. எதற்கான கெஞ்சல் என்று வெர்டியாவுக்குப் பிடிபடவில்லை.

நடந்தது ஊருக்கே தெரியும். பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை ஒன்றில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி யாரோ துப்பாக்கியைக் காட்டிப் பணத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் வென்டெல் க்ரூம் போலீஸ் காட்டிய போட்டோக்களில் லான்ஸெலைத் தொட்டுக் காட்டினார். அந்த ராத்திரி லான்ஸெல் தேவாலயத்துக்குப் பின்னால் நிதி திரட்டும் விருந்துக்குக் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்று மாவு பிசைந்து கொடுத்தவர் பாஸ்டர் இஷம். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். லான்ஸெலின் அப்போதைய வக்கீல் கடைசிவரை கூப்பிடவேயில்லை. லான்ஸெலுக்கு ஆயுள் தண்டனை. அவர்கள் மகளுக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது.

ஜெயிலுக்குப் போனவுடனேயே லான்ஸெல் ரிட் எழுத உட்கார்ந்தான். தடுத்தது டீக்கன் என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு பழைய கைதி. மற்ற கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். அவர் சொன்னதை லான்ஸெல், பார்க்கப் போன வெர்டியாவிடம் அப்படியே ஒப்பித்தான்.

"ஒருத்தனுக்கு ஒரு ரிட்டுதானாம். மொதல் தடவ எதையாவது விட்டுட்டோம்னா ரெண்டாவது தடவ அதத் தொடவே மாட்டாங்களாம். கையில ஒரு தோட்டாதான் இருக்கு, குறி பாக்காம சுட்டுடாதேன்னு டீக்கன் சொல்றாரு. எல்லாத்தையும் சேத்து வெச்சுட்டு அப்பறம் அனுப்புன்றாரு."

அந்த ஜெயிலில் எல்லாருமே அப்படித்தான் ரிட்டைச் சேமித்து வைத்திருந்தார்கள். சேமித்தார்கள், சேமித்தார்கள். வருஷம் ஓடியது. சீக்கிரம் அனுப்பியவனை அவசரக்காரன் என்று கோர்ட் திருப்பி அனுப்பியது. பொறுத்து அனுப்பியவனை இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று கேட்டது. எந்த நாள் சரியான நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. டீக்கன் தன்னுடையதை அனுப்பாமலே ஜெயில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

இதுவரைக்கும் சொல்லிவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எப்படிச் சொல்வது என்று வெர்டியாவுக்குத் தெரியவில்லை.

ஒன்பதாவது வருஷம் பாஸ்டர் இஷம் நடந்ததையெல்லாம் எழுதி சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். டீக்கன் சொன்ன எல்லாமும் சேர்ந்துவிட்டது. ரிட் தயார். அந்த வாரம்தான் லான்ஸெலுக்குப் பக்கத்து அறைக்காரனுக்கு ஆஸ்டினிலிருந்து வெள்ளை அட்டை வந்தது. அங்கிருக்கும் மேல்கோர்ட்டின் பதில் ஒரு வெள்ளை அட்டையில்தான் வரும். இரண்டு வரி. காரணம்கூட இருக்காது. இவனுடையது தள்ளுபடி. அந்த மனிதன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை பார்வையாளர் அறையில் லான்ஸெல் இதைச் சொன்னான். பிறகு, "அனுப்பாத வரைக்கும் தள்ளுபடின்னு யாரும் சொல்ல முடியாதுல்ல, வெர்டியா?" என்றான்.

"அப்ப அனுப்ப வேண்டாம்" என்றாள் அவள். யோசிக்காமல் சொன்னாள். அந்தச் சனிக்கிழமைகள் அவளுக்கு வேண்டியிருந்தன. அவன் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மகளின் பரீட்சையைப் பற்றியும் கூரை ஒழுகுவதைப் பற்றியும் கேட்டுச் சிரிக்கும் சனிக்கிழமைகள். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்ட ஒருவனோடு அவளால் என்ன பேச முடியும்?

ஒவ்வொரு புது வருஷத்திலும் அவன் "இந்த வருஷம்?" என்பான். அவள் "பாக்கலாம்" என்பாள். போன வருஷம் பாஸ்டர் இஷம் செத்தார். அவர் சவப்பெட்டியின் முன்னால் நின்றபோது தாங்கள் எதைப் பத்திரப்படுத்தினோமோ அது துண்டு துண்டாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. அடுத்த சனிக்கிழமை போய், "அனுப்புங்க" என்றாள். அவன் அனுப்பிவிட்டான்.

கோர்ட் கதவு திறந்தது. இடைவேளை. லான்ஸெலின் அக்கா நெட்டி ரூத் பெரிய ஊதா நிறத் தொப்பியோடு வெளியே வந்தாள். அவள் சாட்சி இல்லை என்பதால் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பின்னாலேயே கோர்ட் காவலுக்கு நிற்கும் டெபுடி ஒருவனும் வந்தான்.

"மிஸ் நெட்டி, உள்ள நடந்ததப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்குப்பா. காலையிலேர்ந்து நாலு தடவ சொல்லிட்ட." பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரைப் பார்த்து, "நல்லா வெயில் அடிக்குது" என்றாள்.

"அக்கா, உங்க மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"எழுபது வருஷமா இப்படித்தான் இருக்கு. இப்பத்தான் பாக்கறியா?"

"அவரு அழுதாரா?"

நெட்டி ரூத் டெபுடியைப் பார்த்தாள். "தம்பி, மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அது சாட்சியக் கலைக்கறதா ஆகுமா?"

"பேசாம இருந்தாப் போதும், மேடம்."

அவள் முழுசாகத் திரும்பி வெர்டியாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தொப்பியின் விளிம்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வாய்வரை வந்ததை அடக்க அவள் படும் பாடு முதுகிலேயே தெரிந்தது. கடைசியில் சுவரிடம் சொல்வதுபோல, "கூடப்பிறந்தவன் முட்டாளாப் பொறந்துட்டா அக்கா என்ன பண்ணுவா" என்றாள்.

"மிஸ் நெட்டி."

"பொதுவாச் சொன்னேன்."

"உங்களுக்கு ஒரே தம்பிதானே, மேடம்?"

"அது என் தப்பா?"

டெபுடி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் வராந்தாவின் அந்தக் கோடியில் உட்கார வைத்தான்.

முட்டாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வெர்டியா தவித்தாள். உண்மையைச் சொல்லிக் கெடுத்துக்கொண்டானா? பொய் சொல்லி மாட்டிக்கொண்டானா? பயந்துபோய் வைத்திருந்தோம் என்று அவன் சொல்லியிருந்தால் அவளும் அதையே சொல்ல வேண்டும். சட்டம் தெரியாது, வக்கீல் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் பயத்தைப் பற்றிப் பேசுவது அவனைப் பொய்யனாக்கிவிடும். பொய்யன் என்று பெயர் வாங்கினால் மீன் பொரித்த கதையை யார் நம்பப் போகிறார்கள்? தலைக்குள் இரண்டு பதில்களும் மாறி மாறி வந்தன. எந்தப் பதில் அவனை வீட்டுக்குக் கூட்டிவரும், எது அங்கேயே வைத்துப் பூட்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

லான்ஸெல் கவுண்டி ஜெயிலின் கோடு போட்ட சட்டையில், காலில் சங்கிலியோடு ப்ரின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் கூண்டில் ஏறியதும் அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். பயப்படாதே என்கிறானா? சொல்லாதே என்கிறானா? கட்டி முப்பது வருஷமான புருஷனின் தலையாட்டலுக்கு அந்த நிமிஷம் அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை.

ப்ரின் சுலபமாகத்தான் கேட்டாள். டீக்கன் சொன்னது, ஒரே ரிட் என்பது, வக்கீல் வைக்க வழியில்லாதது. வெர்டியா நிதானமாகப் பதில் சொன்னாள். பிறகு அரசு வக்கீல் கார்லைல் எழுந்தார். இளைஞர், ஹூஸ்டன்காரர். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"பாஸ்டர் இஷம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது உங்களுக்கு அப்பவே தெரியுமா, மேடம்?"

"தெரியும் சார். நோட்டரிகிட்ட அவரக் கூட்டிட்டுப் போனதே நான்தான்."

ப்ரின்னின் பேனா நின்றது. லான்ஸெல் தலையைக் குனிந்துகொண்டான். ஏதோ உடைந்துவிட்டது என்று வெர்டியாவுக்குத் தெரிந்தது. என்ன உடைந்தது என்றுதான் தெரியவில்லை.

"உங்க கணவர்கிட்ட சொன்னீங்களா?"

"அந்த வாரமே சொன்னேன்."

"அப்பறம் பதிமூணு வருஷம். அனுப்புங்கன்னு நீங்க சொல்லலையா?"

தெரியாது என்று சொல்லலாம். ஞாபகமில்லை என்று சொல்லலாம். எந்த ஞாபகமின்மை அவன் சொன்னதோடு ஒத்துப்போகும் என்று அவள் தேடினாள். தேடியதில் களைத்துப்போனாள். கடைசியில், ஒத்துப்போகிறதோ இல்லையோ, நடந்தது ஒன்றுதானே இருக்கிறது என்று தோன்றியது.

"இல்ல சார். அனுப்ப வேண்டாம்னு சொன்னேன்."

"வேண்டாம்னு?"

"அனுப்பினா இல்லன்னு பதில் வந்துடும்னு பயம். வந்துட்டா அப்பறம் ஒண்ணும் மிச்சம் இருக்காது. அனுப்பாம வெச்சிருந்தா அது இருக்கும். ரெண்டு பேரும் அத வெச்சுக்கிட்டு வாழ்ந்தோம் சார். அவரு மட்டும் இல்ல. பாதிக்கு மேல நான்தான்."

கார்லைலுக்கு இதில் சந்தோஷம் இருந்த மாதிரியே தெரியவில்லை. "அந்தப் பதிமூணு வருஷத்துக்கு அரசு என்ன விலை குடுத்திருக்குன்னு யோசிச்சீங்களா, மேடம்? கடைக்காரர் க்ரூம் உயிரோட இல்ல. அவர் அடையாளம் காட்டின போட்டோக்களும் இல்ல. மறுபடி வழக்கு நடத்துங்கன்னா நாங்க எத வெச்சு நடத்தறது?"

"எனக்கு அதுதான் சார் புரியல" என்றாள் வெர்டியா. சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. "எங்க பாஸ்டரும்தான் செத்துட்டார். அது எங்க நஷ்டம்னு யாரும் எழுதிக்கல. சரி, லேட் பண்ணது நாங்க, அதனால விட்டுடுங்க. ஆனா நீங்க எழுதின நஷ்டம்லாம் நாங்க லேட் பண்ணதால வந்ததா? க்ரூம் எப்ப சார் செத்தாரு?"

"கேள்வி கேக்கறது நான், மேடம்" என்றார் கார்லைல் மென்மையாக.

"அந்தக் கேள்வி எனக்கும் இருக்கு, மிஸ்டர் கார்லைல்" என்றார் ஜட்ஜ் மோசர். காலையிலிருந்து கன்னத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தவர் இப்போது நிமிர்ந்தார். "உங்க மனுவுல 'இறந்துவிட்டார்'னு இருக்கு. எப்பன்னு இல்ல. போட்டோ 'தொலைந்துவிட்டது'ன்னு இருக்கு. அதுவும் எப்பன்னு இல்ல. எனக்கு ஏதோ ஞாபகம் இருக்கு. ஜட்ஜோட ஞாபகம் சாட்சியாகாது. கீழ ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க."

கார்லைல் திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. ஆனால் வார்த்தையை மென்று விழுங்கவில்லை. "க்ரூம் இறந்தது தீர்ப்பு வந்த ரெண்டாவது வருஷம், யுவர் ஆனர். போட்டோ இருந்த பெட்டி அதுக்கு அடுத்த வருஷம் வெள்ளத்துல போயிருக்கு. இந்தக் கட்டடத்தோட அடித்தளத்துல தண்ணி புகுந்தப்ப."

ஜட்ஜ் எதையோ எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெர்டியாவைப் பார்த்தார்.

"காலையில உங்க கணவர் இதே நாற்காலில உக்காந்து, என் மனைவிக்கு எதுவுமே தெரியாது, நான்தான் அவகிட்ட மறைச்சு வெச்சிருந்தேன்னு சொன்னார். இப்ப நீங்க, பாதிக்கு மேல நான்தான்றீங்க. ரெண்டு கதையும் சேரலம்மா. பொதுவா இப்படிச் சேரலன்னா யாரோ தப்பிக்கப் பாக்கறாங்கன்னு அர்த்தம். இங்க ரெண்டு பேரும் மாட்டிக்கப் போட்டி போடறீங்க."

வெர்டியா லான்ஸெலைப் பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெட்டி ரூத் முட்டாள் என்று சொன்னது இப்போது புரிந்தது. கோபம் வந்தது. அதோடு கண்ணும் நிறைந்தது. எது முதலில் வந்தது என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"பயம் நல்ல காரணம் இல்ல" என்று ஜட்ஜ் தொடர்ந்தார். "அத நான் பதிவு பண்ணுவேன். பாஸ்டர் கையெழுத்துப் போட்ட அன்னிக்கே இது வந்திருக்கணும். காலையில சொன்னது உண்மை இல்லங்கறதையும் பதிவு பண்ணுவேன். அது உங்க கணவருக்கு அடுத்த விசாரணையில எடஞ்சல் பண்ணலாம். ஆனா அரசு இழந்தது எதையும் இந்தத் தாமதத்தால இழக்கல. தீர்ப்புக்கு மறுநாளே அவர் இந்த ரிட்டோட வந்திருக்க முடியாதுங்கறது எல்லாருக்கும் தெரியும். பாஸ்டரோட சாட்சி கைக்கு வந்தப்ப க்ரூமும் இல்ல, போட்டோவும் இல்ல. அதனால தாமதத்தக் காட்டி இந்த ரிட்ட ஒதுக்க வேண்டாம்னு ஆஸ்டினுக்குப் பரிந்துரை பண்ணப் போறேன். அப்ப இருந்த வக்கீல் பாஸ்டரக் கூப்பிடாம விட்டது பத்தி அடுத்த மாசம் விசாரணை. கடைசி முடிவு அவங்களோடது."

சுத்தியல் தட்டவில்லை. எழுந்து போய்விட்டார். ப்ரின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வெர்டியா கூண்டிலிருந்து எப்படி இறங்குவது என்று தெரியாமல் நின்றாள்.

வராந்தாவில் நெட்டி ரூத் ப்ரின்னை வழிமறித்தாள். "ஜெயிச்சுட்டோமா?"

"இன்னிக்கு ஜெயிச்சுட்டோம், மிஸ் நெட்டி."

"அப்ப தம்பி சாயங்காலம் வீட்டுக்கு வருவானா?"

"இல்ல. இனிமேதான் அவர் சொல்றது உண்மையான்னு கேக்க ஆரம்பிப்பாங்க."

"காலையிலேர்ந்து என்ன கேட்டாங்க?"

"கேக்கலாமா வேணாமான்னு கேட்டாங்க."

நெட்டி ரூத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். "எங்க வீட்ல இப்படிப் பேசினா எங்கம்மா அடிப்பா" என்றாள்.

அந்த நேரத்தில் டெபுடி லான்ஸெலை வெளியே கூட்டி வந்தான். லிஃப்ட்டுக்குப் போகும் வழி அதுதான். வெர்டியா குறுக்கே போகாமல் பக்கத்தில் ஒட்டி நடந்தாள். தொடக் கூடாது என்று டெபுடி ஒரு பார்வையில் சொல்லிவிட்டு, நடையை மட்டும் தளர்த்தினான். சங்கிலி விட்ட அளவுக்கு லான்ஸெல் சின்னச் சின்ன அடியாக வைத்தான். அவளும் அப்படியே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்களாமே."

"உன் மேல பழி வரக் கூடாதுன்னு பாத்தேன். நீயே போயி வாங்கிக்கிட்ட."

"தலைய ஆட்டினீங்களே, என்ன அர்த்தம்?"

"வாய மூடிட்டு இருன்னு அர்த்தம்."

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லியிருக்கீங்க. நான் வேற மாதிரி சொல்லப்போயி, இனிமே நீங்க மீன் பொரிச்சதையும் நம்பாமப் போயிட்டா?"

லிஃப்ட் வர நேரமாயிற்று. அவன் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வெர்டியா, அது என் கையில இருந்த வரைக்கும் ராத்திரி தூக்கம் வந்துச்சு. இப்ப அவங்க கைக்குப் போயிடுச்சு. எனக்குப் பயமா இருக்கு."

பாக்கலாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. இத்தனை வருஷம் அந்தச் சொல்லை வைத்துத்தான் அவனைத் தேற்றியிருந்தாள். இன்று அது வரவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "எதுக்கு நாம பயந்தோமோ அது இப்ப நெஜமாவே வரலாம். வராமலும் போகலாம். எனக்குத் தெரியல."

"அடுத்த மாசம் ரெண்டு பேரையும் மறுபடி கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கலாமா?"

"அதெல்லாம் கூடாதுங்க" என்றான் டெபுடி, லிஃப்ட் கதவைப் பிடித்தபடி.

"வேண்டவும் வேண்டாம்" என்றாள் வெர்டியா. "நடந்தத நீங்களும் சொல்லுங்க, நானும் சொல்றேன். என்னக் காப்பாத்தற வேலைய மட்டும் விட்டுடுங்க."

லான்ஸெல் லிஃப்ட்டுக்குள் போய்த் திரும்பி நின்றான். சரி என்கிறானா என்று பார்ப்பதற்காக அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் தலையை ஆட்டவில்லை. வாயைத் திறந்து, டெபுடிக்கும் நெட்டி ரூத்துக்கும் கேட்கும்படி, "சரி, சொல்றேன்" என்றான்.